பூக்கன்றுக்கு ஏன் பொலித்தீன் உடுப்பு?



ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். அண்மைக் காலமாக நம் பாடசாலைகளில் ஒரு நல்ல மாற்றம். பீங்கான் கோப்பைக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் பதிலாகப் பிள்ளைகள் வீட்டுக்குள் வைக்கும் பூக்கன்றுகளைக் கொண்டு வருகிறார்கள். மணிபிளான்ட், அந்தூரியம், பாம்புக் கற்றாழை என்று பல வகை. ஆசிரியர்களாகிய நமக்கு இதில் சந்தோசம்தான். ஆனால் அந்தக் கன்றுகள் எதைச் சுற்றிக்கொண்டு வருகின்றன என்பதையும் நாம் பேச வேண்டும்.

செலோபேன் தாள், அடியில் ரெஜிபோம் துண்டு, மினுங்கும் ரிபன், சுற்றிச் சுற்றி செலோடேப். பிரித்தெடுத்தால் கன்றைவிடக் குப்பை பெரிதாக இருக்கிறது.

இந்தக் குப்பை எங்கே போகும் என்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பள்ளக்காடு குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகமெல்லாம் போனது. இறந்த யானைகளின் வயிற்றில் இருந்தவை பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும். அவை நம்மைப் போன்ற ஊர்களின் வீட்டு வாசலிலிருந்து லொறியில் போனவை.

லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டன. சோற்றுப் பார்சலுக்கு ஆகாத சாமான் பரிசுப் பார்சலுக்கு மட்டும் எப்படி ஆகும்?

"அப்படியென்றால் கன்று உடைந்து போகுமே" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செலோபேன் கன்றைப் பாதுகாப்பதில்லை. காற்றுப் போக வழியில்லாமல் இறுகக் கட்டி, நம் பகல் வெயிலில் ஓட்டோவில் கொண்டு வந்தால் உள்ளே வேர்த்து, இலை வெந்து கறுத்துவிடும்.

வழியில் கன்றுக்கு வரும் ஆபத்து மூன்று: சாடி சரியும், மண் கொட்டும், இலையும் தண்டும் முறியும். மூன்றுக்கும் கையில் இருப்பதே போதும்.

சாடி சரியாமலிருக்க, கடையில் வாங்கும் பிஸ்கட் பெட்டி போன்ற ஒரு காட்போட் பெட்டி. அதற்குள் இன்னொரு மட்டையில் சாடியின் விளிம்புக்குக் கீழே பிடிக்கும் அளவில் வட்டமாக வெட்டி, சாடியை அதில் இறக்கினால் அசையாது. சுற்றியுள்ள இடைவெளிக்கு முட்டைத் தட்டைக் கிழித்து அடைக்கலாம்.

மண் கொட்டாமலிருக்க, மேலே ஒரு பிடி தென்னந்தும்பு பரப்பி, குறுக்கும் நெடுக்கும் சணல் நூலால் கட்டினால் போதும். தண்ணீரை முதல் நாள் பின்னேரமே ஊற்றிவிட வேண்டும். காலையில் ஊற்றினால் பெட்டி நனைந்து அடி கழன்றுவிடும்.

இலைக்கு, பிரவுண் கடதாசியில் ஒரு கூம்பு. கன்றைவிட இரண்டு விரல் உயரமாக, மேல் வாய் திறந்தபடி இருக்கட்டும். இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

சாடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதைத் தூக்கி வீச வேண்டாம், பல வருடம் பாவிக்கலாம். கறுப்புப் பொலித்தீன் பையில் வாங்கிய சின்னக் கன்றைக் கண் துளைத்த சிரட்டைக்கு மாற்றலாம்.

ஒரு விடயத்தில் கவனம் தேவை. "சூழலுக்கு உகந்தது" என்று எழுதி விற்கும் பளபளப்பான பைகள் எல்லாம் கடதாசி அல்ல. ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வந்தால் அதுவும் குப்பைமேட்டுக்குப் போவதுதான்.

அழகு குறைந்துவிடும் என்ற கவலையும் இருக்கிறது. நம் கரையோர ஊர்களில் பன்புல்லில் பாய் இழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. சாடி இறங்கும் அளவில் ஒரு சிறு பன்கூடை, ரிபனுக்குப் பதில் கைத்தறித் துணியின் வெட்டுத்துண்டு. இதைவிட என்ன அழகு வேண்டும்? செலோபேனுக்குக் கொடுக்கும் காசு நம் ஊர்ப் பெண் ஒருவரின் அடுப்புக்குப் போகும். கூடையும் வீட்டில் வேறு தேவைக்கு நிற்கும்.

கூடை வாங்க வசதியில்லாத பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டியும் கடதாசியுமே போதும். ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு வளர்த்த மணிபிளான்ட் தண்டும் குறைந்த பரிசு அல்ல. யாருடைய பொதி பெரிது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கும் நிலையை மாற்றுவதும் நம் கடமை. வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆவில் கேட்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். அதைச் செய்து காட்ட இது ஒரு சந்தர்ப்பம்.

கன்றோடு ஒரு சிறு மட்டையில் அதன் பெயர், எப்போது தண்ணீர், எவ்வளவு வெளிச்சம் என்று பிள்ளையே தன் கையால் எழுதட்டும். மணிபிளான்ட் போன்றவற்றின் இலையைக் கடித்தால் வாய் எரியும் என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கும்படியும் எழுத வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மாணவர் பாராளுமன்றங்களும் இதை இப்போதே பேசி முடிவெடுத்தால், சித்திரப் பாடத்திலோ விஞ்ஞானப் பாடத்திலோ பிள்ளைகளே பெட்டி செய்யலாம். செப்டம்பர் கடைசியில் கடைக்காரர் செலோபேன் இறக்கிய பிறகு பேசி வேலையில்லை. ஆசிரியர்களாகிய நாம் முதலில் நம் வகுப்பில் சொல்லிவிடுவோம்: கன்று கொண்டு வாருங்கள் மகன், மகள். பொலித்தீன் வேண்டாம்.