பாரமறிந்து ஏற்றுக



வீடு மாறும் நம்மவர் பலரும் ஒரே நடையில் முடித்துவிட எண்ணி, கட்டில், பீரோ, அரிசி மூட்டை யாவற்றையும் ஒரே சிறு லாரியில் ஏற்றிவிடுகின்றனர். "இழுத்துவிடும் சார்" என்பார் டிரைவர். இழுப்பது பெரிதன்று, நிறுத்துவதே பெரிது. குறித்த எடைக்கென அமைந்த பிரேக், அதற்கு மேற்பட்ட பாரத்தை உரிய தூரத்தில் நிறுத்தாது.

ரயில்வேயில் எஞ்சினுக்கு இவ்வளவு பாரம் என வரையறை உண்டு. 37 அடிக்கு 1 அடி ஏறும் போர் காட் மலைப்பாதையில், கர்ஜத்திலிருந்து துணை எஞ்சின்கள் பூட்டியே பல ரயில்கள் ஏற்றப்படுகின்றன.

அமெரிக்காவில் 'அரை டன் டிரக்' என்பது பழைய பெயர் மட்டுமே. உண்மையான வரம்பு கதவோரச் சீட்டில் இருக்கும். பின்னால் பூட்டும் டிரெய்லரின் எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின் மீது அமரும். அதுவும், ஏறும் குடும்பமும் டிரக்கின் சுமைக் கணக்கிலேயே சேரும்.

நமக்கு ஆதாரம் ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழியுங்கள். உதாரணமாக, 1,550 கிலோவில் 800 போனால் மிச்சம் 750. டிரைவரின் எடையும் அதனுள் அடக்கம்.

மிகைப் பாரத்திற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய். மிகும் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000.

ஆகவே, இரண்டாம் நடைக்கு வாடகை கொடுங்கள். பீரோ மாலையில் வந்தாலும் குற்றமில்லை. உடன் வரும் உயிர்கள் முழுமையாய் வந்து சேர வேண்டுமன்றோ?