கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி!

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் பட்டனை அழுத்தினால் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கிறது. ஃபேன் சத்தம் இல்லை, விளக்கும் எரியவில்லை. பிள்ளையின் ப்ராஜெக்ட், குடும்ப போட்டோக்கள், கணக்கு வழக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தப் பதற்றத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினால், "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்ற ஒரு வரியை அப்படியே நம்ப வேண்டியதாகிவிடும். உண்மையில் போயிருப்பது எஸ்எம்பிஎஸ் மட்டுமாக இருக்கலாம்.

பவர் கார்டு போய்ச் செருகும் இடத்தில், ஃபேனுடன் இருக்கும் இரும்புப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்து மற்ற பாகங்களுக்குப் பரிமாறுவது இதன் வேலை. இது படுத்துவிட்டால் மற்ற எல்லோரும் பட்டினி. நல்ல செய்தி என்னவென்றால், போட்டோக்களும் ஃபைல்களும் இருப்பது ஹார்டு டிஸ்கில். எஸ்எம்பிஎஸ் செத்துப்போனாலும் அவை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

முதலில் அதே பிளக் பாயிண்ட்டில் மொபைல் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அடுத்து, யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் விலக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். பேட்டரி தீர்ந்த யுபிஎஸ்ஸால் கெட்ட பெயர் வாங்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம். பல மானிட்டர்களின் பவர் கார்டு சிபியுவுக்கும் பொருந்தும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் குட்டி ஸ்விட்ச் இருந்தால், வீடு துடைக்கும்போது யாராவது தட்டி அணைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பழைய மாடல்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். அது எப்போதும் 230-லேயே இருக்க வேண்டும்.

பிறகு பவர் கார்டைக் கழற்றிவிட்டு, முன்பக்கப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்கள் கழித்து மறுபடி இணையுங்கள். மின்சாரம் போய் வந்தபோது பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் சில சமயம் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

அறிகுறி சொல்லும் சேதி

பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா? உள்ளே ஏதோ ஒரு பாகம் ஷார்ட் ஆகி, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். கேம் விளையாடும்போது மட்டும் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? அதிக லோடில் எஸ்எம்பிஎஸ் தடுமாறக்கூடும். சூடு அதிகமானாலும் இப்படி நடக்கும். கருகிய வாசனையோ, 'டிக் டிக்' சத்தமோ வந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? பலமுறை அது கம்ப்யூட்டரின் குற்றமே அல்ல. அந்த பாயிண்ட்டில் எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை அது. தள்ளிப்போடக் கூடாது.

கம்பித் துண்டுச் சோதனை

மின் வேலையில் பழக்கமுள்ள பெரியவர்கள் செய்யக்கூடியது இது. பவர் கார்டைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் என்று போகும் எல்லா இணைப்புகளையும் எடுத்துவிட வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கொண்ட பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு, அதன் பிறகுதான் பவர் கொடுக்க வேண்டும். ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்றே பெரும்பாலும் முடிவுகட்டலாம். லோடு குறைவாக இருந்தால் ஃபேனைச் சுற்றவிடாத மாடல்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

ஃபேன் சுற்றிவிட்டால் மட்டும் அது நிரபராதி ஆகிவிடாது. மல்டிமீட்டரில் கறுப்பு ஒயரோடு சேர்த்து அளந்தால் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு ஒயர் 4.75 முதல் 5.25 வோல்ட், ஆரஞ்சு ஒயர் 3.14 முதல் 3.47 வோல்ட் காட்ட வேண்டும். இதைத் தாண்டினால் கோளாறுதான். எல்லா ஒயரும் கறுப்பாகவோ, கனெக்டர் வேறு மாதிரியோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

அந்த ஒரு கேள்வி

இதெல்லாம் நமக்கு ஆகாது என்பவர்கள், கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தீங்களா?" நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை கிடையாது. கடையில் அதற்குச் சில நிமிடங்கள் போதும். அதிலும் கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால், அப்புறம் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம்.

புதிது வாங்கும்போது விலை மட்டும் பார்க்காமல் '80 பிளஸ்' முத்திரையும் வாரன்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 450 வாட்ஸ் தாராளம். ஒயர்களைக் கழற்றி மாட்டும் மாடல் என்றால், பழையதின் ஒயர்களைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தினாலும் உள்ளே இணைப்பு மாறியிருக்கலாம். அப்போது உண்மையாகவே ஹார்டு டிஸ்க் போய்விடும், போட்டோக்களோடு சேர்த்து!