உங்கள் கார் ஏற என் முழங்கால் தேய வேண்டுமா?

புதுச்சேரியில் இப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு சிமென்ட் சரிவு. கேட்டிலிருந்து இறங்கி, நடைபாதையை விழுங்கி, சாக்கடையை மூடி, தார் ரோட்டைத் தொட்டுத்தான் நிற்கிறது. எழுபது தாண்டிய நாம் ஒவ்வொரு சரிவாக ஏறி இறங்கவா முடியும்? ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

கேட்டால், "ரோட்டை உயர்த்திக்கொண்டே போகிறார்கள் சார், வீட்டை உயர்த்தாமல் என்ன செய்வது?" என்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவது அக்கிரமம்தான். வீட்டை உயர்த்துங்கள், சரி. கார் நிற்கும் இடத்தையும் எதற்கு ஐயா 2 அடி உயர்த்துகிறீர்கள்?

கணக்குப் போடுவோம். அடி தட்டாமல் கார் ஏற, 1 அடி உயரத்துக்கு 8 அடி நீளமாவது வேண்டும். 2 அடிக்கு 16 அடி. சக்கர நாற்காலி என்றால் 1 அடிக்கு 12 அடி, ஆக 24 அடி. மனைக்குள் அவ்வளவு இடமில்லை. தெருவில் கை வைக்கிறார்கள். அப்போதும் 4 அடியில் செங்குத்தாக முடித்து, காரின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொள்கிறார்கள்.

போர்ட்டிகோ தரையை 9 அங்குல உயரத்தோடு நிறுத்துங்கள். 6 அடியில் சரிவு முடிந்துவிடும். தலையிலும் காலிலும் இரண்டிரண்டு அடிக்குச் சரிவைப் பாதியாகத் தணித்தால் 8 அடி. எல்லாம் கேட்டுக்கு உள்ளேயே. மீதி 15 அங்குலத்துக்கு 5 அங்குலத்தில் 3 படி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. தெருத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, கேட்டடியில் குறுக்காகக் கம்பிச் சல்லடை போட்ட ஒரு சிறு வாய்க்கால். ஒரு கொத்தனாருக்குத் தெரியாத வித்தையா இது?

இன்னொன்று. சாக்கடை மேல் சிமென்ட்டைக் கொட்டி மூடினால் தூர் வாருவது எப்படி? ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியின்றித் தெருவில் தேங்கும். எந்தத் தண்ணீருக்குப் பயந்து வீட்டை உயர்த்தினீர்களோ, அதை நீங்களே வாசலுக்கு அழைக்கிறீர்கள். உயர்த்த வசதியில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கோ கூடத்துக்குள்ளேயே அனுப்புகிறீர்கள்.

நாங்கள் படித்த பிரெஞ்சில் நடைபாதைக்கு 'துரொத்துவார்' என்று பெயர். விரைநடையைக் குறிக்கும் 'துரொத்தே' என்ற வினையிலிருந்து வந்த சொல். பெயரிலேயே உரிமையாளர் யார் என்று எழுதியிருக்கிறது. கார் வாங்கியவர் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். மனை கேட்டோடு முடிகிறது. சரிவும் அங்கேயே முடியட்டும்.