பியூஸ் கேரியரும் க்யூஆர் கோடும்

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. பி.எட். பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவர் மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் பாடத்தை நாளை நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடநூலில் க்யூஆர் கோடு இருக்கிறது. பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. யூடியூபில் தேடினால் அனிமேஷன்கள் வந்து கொட்டும். கருவிக்குப் பஞ்சமே இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் அவர் திணறுவார்.

அந்தத் திணறலுக்கு அவருடைய படிப்பு எவ்வளவு உதவுகிறது? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. அதில் குறைந்தது 20 வாரம் பள்ளி அனுபவம் வேண்டும். தகவல் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வதும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பல இடங்களில் அது பவர்பாயிண்ட் தயாரிப்பதோடு முடிந்துவிடுகிறது. சார்ட் ஒட்டினால் ஒரு மதிப்பெண், ஸ்லைடு காட்டினால் இன்னொன்று என்ற கணக்கில் ‘கற்பித்தல் துணைக்கருவி’ என்ற கட்டத்தை நிரப்பினால் போதும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. இயந்திரம் நொடியில் எழுதித் தரும் பாடக்குறிப்பை, ரெக்கார்டு கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தெழுதலாம். நவீனமும் பழமையும் இவ்வளவு ஒற்றுமையாக வேறெங்கும் குடித்தனம் நடத்துவதில்லை.

க்யூஆர் கோடு பாடநூலுக்குள் வந்த கதையை இந்த மாணவிக்கு யாராவது சொல்லியிருக்கலாம். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற ஊர். அங்குள்ள ஜில்லா பரிஷத் பள்ளிக்கு 2009இல் ரஞ்சித்சிங் திசாலே ஆசிரியராகப் போனார். மாட்டுக் கொட்டகைக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இடிந்த நிலையில் ஒரு கட்டடம், அதுதான் பள்ளி. பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம், புத்தகத்தில் இருப்பதோ வேறு மொழி. அவர் கன்னடம் கற்றுக்கொண்டார், பாடங்களை மொழிபெயர்த்தார். ஒலிவடிவப் பாடல்களையும் வீடியோ பாடங்களையும் கதைகளையும் க்யூஆர் கோடாக்கிப் புத்தகத்தில் சேர்த்தார். 2017இல் மகாராஷ்டிர அரசு இந்த முறையை மாநிலம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. 2020இல் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள உலக ஆசிரியர் விருது திசாலேவுக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்தார். பரிசைவிடக் கவனிக்க வேண்டியது, அவர் தொடங்கிய இடம். முதலில் வகுப்பின் சிக்கல் கண்ணில் பட்டது, கருவி பிறகு வந்தது.

தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு அச்சாகிவிட்டது. அட்டையும் வடிவமைப்பும் அன்று எல்லோரையும் பேச வைத்தன. ஆனால் பள்ளிக்கு மாணவர் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதும் விதி. (சரியான விதிதான்.) ஆகவே அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் உயிர்பெற வேண்டுமானால் மாலையில் அப்பா வேலையிலிருந்து கைப்பேசியோடு திரும்ப வேண்டும். கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வு 2021இல் இந்தியக் கிராமப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 67.6 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. 2018இல் அது 36.5 சதவீதம்தான். பாய்ச்சல் பெரிதுதான். ஆனால் அப்படிப் போன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிலேயே நான்கில் ஒருவருக்கும் மேல் அது கைக்குக் கிடைப்பதில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் மணற்கேணி என்ற கற்றல் செயலி, தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று வரிசையாக வந்தன. வசதி பெருகுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வசதி மட்டும் போதாது. பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்துவிட்டு, 319 பள்ளிகளை வைத்து ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்று 2012இல் வந்த ஆய்வு சொன்னது. பொருள் போய்ச் சேர்ந்தது. அதை வைத்து என்ன நடத்துவது என்பது சேரவில்லை.

நம் மாணவியின் மின்கடத்திப் பாடத்துக்கே ஒரு நல்ல கருவி உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற கணினிப் பாவனைச் சோதனைத் தொகுப்பு அது. கட்டணம் கிடையாது. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊருக்கு இது பெரிய வரம். அதில் மின்சுற்று அமைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் இணைத்து, நடுவில் ஒரு பொருளை வைத்துப் பல்பு எரிகிறதா என்று பார்க்கலாம். நாணயம், காகித கிளிப், பென்சில், அழிப்பான், டாலர் நோட்டு, போதாக்குறைக்கு ஒரு நாய். பிள்ளைகள் நாயைத்தான் முதலில் வைப்பார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். நிஜத்தில் செய்ய முடியாததை ஆபத்தில்லாமல் செய்து பார்க்கத் தருவதுதான் அந்தக் கருவியின் பலம். கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் நகர்வதையும் அது காட்டும், எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்ணுக்குத் தெரியாத காட்சி.

பீங்கான் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. விருத்தாசலத்திலோ அதற்குத் தட்டுப்பாடே கிடையாது. செராமிக் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்கிறார்கள். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்லூரியே ஊரில் உண்டு. வகுப்பில் சில பிள்ளைகளின் பெற்றோர் அச்சில் களிமண் கூழ் ஊற்றுபவர்களாகவோ சூளையில் அடுக்குபவர்களாகவோ இருக்கலாம். ஓர் உடைந்த பியூஸ் கேரியரை மேசைமேல் வைத்து, மின்சாரம் பாயும் செம்புக் கம்பியைத் தாங்கப் பீங்கானை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால் பாடம் தொடங்கிவிடும். அதற்கு ஸ்லைடு எதற்கு?

ஆனால் பேச்சு சூளைக்குள் போனால் நிலைமை தலைகீழ். 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸின் படிக அமைப்பு சட்டென்று மாறி விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. அவசரமாக ஆற விட்டால் பாத்திரம் விரிசல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சூளைக்காரர் அனுபவத்தில் அறிந்த இந்த விஷயத்தைப் படிக அளவில் பிள்ளைகளுக்குக் காட்ட அனிமேஷனை விட்டால் வேறு வழியில்லை. அதே போல, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு கூழிலுள்ள நீரை உறிஞ்ச, சுவரோரம் மண் படிந்து இறுகுவதை நேரில் பார்க்க முப்பது பேரைப் பட்டறைக்குள் அழைத்துப்போவது எளிதல்ல. பயிற்சி ஆசிரியர் ஒருவர் அனுமதி கேட்டுப் போய், கைப்பேசியில் நாலு நிமிடம் படம் பிடித்து வந்தால் போதும். பேசுபவர் அந்தப் பட்டறைத் தொழிலாளியாகவே இருக்கட்டும். அச்சை அவர் ‘மோல்டு’ என்றால் வீடியோவிலும் ‘மோல்டு’ என்றே இருக்கட்டும், மொழியைத் திருத்த வேண்டாம்.

இப்படி ஒரு வேலையை 20 வாரப் பள்ளி அனுபவத்துக்குள் வைப்பதற்குப் புதிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. கல்வியியல் கல்லூரி மதிப்பெண் போடும் முறையை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். எத்தனை ஸ்லைடு காட்டினார் என்று எண்ணுவதை விட்டு, ஒரு பாடத்துக்கு எந்தக் கருவியை எடுத்தார், எதை வேண்டாம் என்று ஒதுக்கினார், ஏன் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லலாம். மின்கடத்திப் பாடத்துக்கு அந்த மாணவி ஃபெட்டைத் திறந்து, பியூஸ் கேரியரை மேசைமேல் வைத்து, யூடியூபை மூடி வைத்ததாக எழுதினால் முழு மதிப்பெண் தரலாம். அந்த அரைப்பக்கத்தையும் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினால்? கேள்வி கேட்கும் பேராசிரியருக்கு மூன்றாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.