காக்கையைப் பற்றிய கணிப்பு மாறவேண்டும்

காக்கை யாவரும் அறிந்த பறவை. ஆயினும் அதனை ஊன்றி நோக்கியவர் சிலரே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியோடும் சுண்டெலியோடும் காக்கையையும் ஐந்தாம் அட்டவணையில் சேர்த்து, தீங்கு விளைவிக்கும் உயிர் என வகுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையையே அகற்றிவிட்டது. ஏட்டில் நேர்ந்த இம்மாற்றம் களப் பணியாளரின் நோக்கிலும் வகுப்பறையிலும் இன்னும் இடம்பெறவில்லை என்றே கூறவேண்டும்.

காக்கை குற்றமற்ற பறவை என்று வாதிடுவதற்கில்லை. பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது கவர்கிறது. வயலிலும் பழத்தோட்டத்திலும் சேதம் விளைக்கிறது. குப்பையை ஒழிக்கும் பொருட்டு 1890-களில் சான்சிபார் தீவிற்குக் கொண்டு செல்லப்பட்ட வீட்டுக்காக்கை, அங்குள்ள சிறு பறவைகளுக்குப் பெருந்தொல்லையாயிற்று. எனினும், ஊர்ப்புறத்தில் காக்கை பெருகுவது மனிதர் எறியும் எச்சிலையும் கழிவையும் பொறுத்தது. குப்பையைத் திறந்த வெளியில் குவித்துவிட்டு, அதனை உண்ண வரும் பறவையைப் பழிப்பதில் நியாயம் இல்லை.

இக்குடும்பத்தின் மற்றப் பறவைகள் காட்டிற்குச் செய்யும் உதவியும் சிறிதன்று. இமயமலைக் காடுகளில் வாழும் நட்கிராக்கர் பைன் விதைகளைப் பிற்பாடு உண்பதற்கென மண்ணில் புதைத்து வைக்கிறது. அது மீண்டும் தேடி எடுக்காமல் விட்ட விதைகள் முளைத்து மரமாகின்றன. வன இலாகாவினர் இதனைக் கூலியில்லா நடவு எனலாம்.

ஆனால் காக்கையின் தலையாய பயன் வேறொன்று. 2020 டிசம்பர் இறுதியில் இராஜஸ்தானத்தில் ஜாலாவார் என்னும் ஊரில் காக்கைகள் கூட்டமாக மடிந்தன. போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகத்தில் நடந்த சோதனை, அது பறவைக் காய்ச்சல் என உறுதிப்படுத்தியது. மத்தியப் பிரதேசத்தில் இந்தூரிலும் காக்கைகள் அந்நோயால் மாண்டன. கேரளத்தில் அதே சமயம் வளர்ப்பு வாத்துகளிடமும் அது காணப்பட்டது. சதுப்பு நிலத்தில் மடியும் நாரையை யார் காண்கின்றனர்? மனிதர் நடமாடும் தெருவில் விழும் காக்கையையோ பலரும் காண்பர். ஆதலின் கிராமத்தில் சுற்றும் அலுவலர், ஒரே இடத்தில் பல காக்கைகள் மடிந்து கிடப்பின், அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுச் செல்லலாகாது. வெறுங்கையால் தொடாமலும், பிள்ளைகளையும் கோழிகளையும் அணுகவிடாமலும், கால்நடை மருத்துவ அலுவலருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கழுத்துச் சாம்பல்நிறமான வீட்டுக்காக்கையையும், உடல் முழுதும் கரிய அண்டங்காக்கையையும் வேறு பிரித்தறிய மாணவர்க்கு ஒரு நாள் போதும். வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மணியில், பள்ளி வளாகத்தில் கண்ட காக்கைகளை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யலாம். அத்தகைய குறிப்பேடு உள்ள ஊரில், எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் அது அந்த வாரமே தெரிந்துவிடும்.