சளி பிடித்தால் உடம்பு தேறுமா?

"நாலு சளி பிடித்தால்தான் பிள்ளைக்கு உடம்பு தேறும்." இதைச் சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. தும்மிக்கொண்டே வரும் மாமா பச்சைக்குழந்தையை வாங்கி முத்தம் வைப்பார். தாய் முகம் சுளித்தால், "பொத்திப் பொத்தி வளர்த்தால் எதிர்ப்பு சக்தி எப்படி வரும்?" என்று அவளுக்குத்தான் அதட்டல் விழும். 1989இல் மருத்துவ ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராசன் எழுதிய சுகாதாரக் கருதுகோளை வாட்ஸ்அப் வைத்தியர்கள் இதற்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். சிறுவயதில் தொற்றுகள் குறைவதால் ஒவ்வாமை கூடுகிறதோ என்ற ஊகம்தான் அவர் எழுதியது. நுரையீரல் தொற்றுக்கு அவர் நற்சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லை.

கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழாய்களைத் தாக்குவதில் முன்னணியில் நிற்பது ஆர்எஸ்வி வைரஸ். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். வந்து போனால் நிலையான எதிர்ப்பு சக்தியாவது மிஞ்சுகிறதா? இல்லை. மறு வருஷமும் வரும், தாத்தாவான பிறகும் வரும். நமக்கு மூக்கொழுகலோடு முடிவது மூன்று மாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறலாகிவிடும். குழாயின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் காற்றுக்கு எதிரான தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல். 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு லட்சம் பிள்ளைகளை இந்த வைரஸ் கொன்றதாக மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாட்டுப் பிள்ளைகள்.

பிழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இதைவிட மோசமான நம்பிக்கை. பிரிட்டனில் 1946 மார்ச்சில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு வயதுக்குள் நுரையீரல் தொற்று கண்டவர்கள் 26க்கும் 73க்கும் இடைப்பட்ட வயதில் சுவாச நோயால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. புகைப்பழக்கத்தையும் வறுமையையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த நிலைதான்.

பிறவியிலேயே நுரையீரல் பலவீனமான பிள்ளைக்குத்தான் தொற்று முற்றுகிறது, தொற்றின் மேல் பழி போடாதீர்கள் என்பாரும் உண்டு. நியாயமான கேள்விதான், விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் "உடம்பு தேறும்" கட்சிக்கு இதிலும் இடமில்லை. பலவீனமான பிள்ளை எது என்று தொட்டிலைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

இது போதாதென்று குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அதுவே நிமோனியா.

சளியின் நிறத்தை ஆராய்வதை விட்டு, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயதுவரை 50. எண்ணிக்கை அந்த அளவைத் தொட்டாலோ, நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.