உறைபனி இரவில் நம் காவல் நாய்



மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் உறைபனி இறங்குகிறது. உதகையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்க, விடியற்காலைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அங்கே காய்கறித் தோட்டத்தையும் மாட்டுக் கொட்டகையையும் காக்க நாய் வைத்திருப்போர் உண்டு. சமவெளியிலிருந்து கொண்டுசெல்லப்படும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நாய்கள் வெயிலுக்குப் பழகியவை. அவற்றின் மயிர் குட்டையானது. மெலிந்த உடலில் கொழுப்பும் குறைவு. திறந்தவெளியில் சங்கிலியில் கட்டப்பட்டு அவை இரவெல்லாம் நடுங்குவதைக் கண்டும், "நாய் நஜீஸ்தானே, வெளியே கிடக்கட்டும்" என்று நம்மில் சிலர் கடந்துவிடுகின்றனர். இது மார்க்கத்தைச் சரியாக விளங்கிய பேச்சன்று.

நஜீஸ் பற்றிய சட்டம் நம் உடை, பாத்திரம், தொழுமிடம் ஆகியவற்றின் தூய்மைக்கானது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பதை ஹதீஸ் கற்பிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதுமே நஜீஸ். ஆயினும் இரு பக்கமும் உலர்ந்திருக்கும்போது தொட்டால் அசுத்தம் ஒட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் அதன் உமிழ்நீரே அசுத்தம். இவற்றுள் எதுவும் அந்த உயிரைக் குளிரில் வாட விட அனுமதி தரவில்லை.

வேட்டை, கால்நடை, பயிர் ஆகியவற்றின் காவலுக்காக நாய் வைத்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவரை அல்லாஹ் மன்னித்ததையும் அறிவித்தார்கள். பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேட அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானதையும் எச்சரித்தார்கள். தெருநாய் குளிரெடுத்தால் சாம்பல் மேட்டையோ சுவரோரத்தையோ தேடிப் போகும். நாம் கட்டிவைத்த நாய்க்கு அந்த வழி இல்லை. அதை அடைத்தவர் நாம் என்பதால் அதன் கதகதப்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிறது.

இதற்காக நாயை வீட்டுக்குள் அழைக்க வேண்டியதில்லை. குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததாகவே அல்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் கூறுகிறது. வெளியிலேயே மரப்பலகையால் ஒரு கூண்டு செய்யுங்கள். அது தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது உயர்ந்திருக்கட்டும். வாசல் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவே போதும். பெரிய கூண்டில் அதன் உடற்சூடு தங்காது. உள்ளே உலர்ந்த வைக்கோலை அடர்த்தியாகப் பரப்புங்கள். பழந்துணி ஈரத்தை உறிஞ்சிக் குளிரை மிகுதியாக்கும். ஈரமான வைக்கோலை உடனே மாற்றுங்கள். சங்கிலி கூண்டுக்குள்ளும் காலை வெயிலுக்கும் எட்டுமளவு நீண்டிருக்கட்டும்.

சாக்கைத் தைத்து மார்பையும் முதுகையும் மூடும்படி கட்டலாம். நனைந்தால் கழற்றிவிட வேண்டும். உடற்சூட்டைக் காக்க மாலை உணவைச் சற்றுக் கூட்டுங்கள். காலையில் நீர்ப் பாத்திரம் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கரி அடுப்பை மட்டும் கூண்டுக்குள்ளோ மூடிய கொட்டகைக்குள்ளோ வைக்காதீர்கள். அதன் நச்சுப்புகை நாயையும் மனிதரையும் கொல்லும். நடுக்கம் நிற்காமல் நாய் சோர்ந்து எழ மறுத்தால் அதன் உடற்சூடு இறங்குகிறது என்று பொருள். உலர்ந்த இடத்துக்கு மாற்றிப் போர்த்தி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிகளும் முதிய நாய்களும் விரைவில் தளர்ந்துவிடும்.

இவ்வேலைகளில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கழுவும் முறையைக் கற்பிக்கும்போதே இரக்கத்தையும் கற்பியுங்கள். அருவருப்பை மட்டும் கற்ற பிள்ளை சட்டத்தின் பாதியையே அறிந்திருக்கும். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டென்பது நம் நபியின் போதனை.

நம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் உயிரின் உரிமையையும் நிறைவேற்ற அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.